மேல் தண்ணீர், கீழ்த் தண்ணீர்

பைதேகே சரி என்று சொன்னபோது அவருடைய அண்ணன் இன்னும் எதையுமே கேட்டிருக்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் கபூட்டா வந்துவிட்டார். குளித்திருந்தார். கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். கையில் ஓலைநாரில் கோத்த மீன் தொங்கியது. அபேயாங் தீவில் மீன் கொடுப்பது பெரிய விஷயம் இல்லை. சட்டை போட்டுக்கொண்டு வந்து கொடுத்தால்தான் விஷயம். கால் நட்டு உயர்த்திக் கட்டிய பூயாவில் ஏறி, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இறவாணத்தில் தொங்கிய நைலான் வலையை ஒரு தடவை பார்த்தார். பைதேகேவின் மூத்த மகளைக் கட்டியவன் கப்பலில் வேலைபார்ப்பவன். எந்தத் துறைமுகத்திலோ வாங்கி அனுப்பிய வலை. இன்னும் உப்புக்கூடச் சரியாக ஏறவில்லை.

"புதுசு மாதிரி இருக்கே," என்றார் கபூட்டா.

"சரிண்ணே, எடுத்துக்க."

"என்னத்த எடுத்துக்க?"

"நீ எதுக்கு வந்தியோ அத. கேக்க வேற வேணுமா? நமக்குள்ள என்ன?"

உறவுக்காரன் வாய்விட்டுக் கேட்டதை மறுக்கக்கூடாது. அதற்குப் புபுசி என்று பெயர். சைக்கிளைக் கேட்டால் சைக்கிள், சட்டியைக் கேட்டால் சட்டி. மறுத்தவனை ஊர் அடிக்காது, திட்டாது. அவன் பேச்சு வரும்போது கொஞ்சம் சிரிக்கும், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு பேரன் காலம்வரைக்கும் வரும். ஆகவே, கேட்கப்போகிறான் என்று மூக்கில் வேர்த்ததும் முந்திக்கொண்டு கொடுப்பவனுக்கு நல்ல பெயர். பைதேகேவுக்கு அந்த நல்ல பெயர் வெகுகாலமாக இருந்தது. வீட்டில் சாமான் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

கபூட்டா வலையிலிருந்து கண்ணை எடுத்தார். தம்பி இப்படிக் கதவைத் திறந்துவைப்பான் என்று அவர் எதிர்பார்த்து வரவில்லை.

"வலை இல்லடா. நான் கேக்க வந்தது வேற. சின்னவ மேல்படிப்புக்குப் போறாளாமே, தண்ணிப் படிப்பு. அது வேணாம். மழைப் படிப்புக்குப் போகட்டும். இத உன்கிட்ட புபுசியா கேக்குறேன்."

சமையல் கொட்டகையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அகோயாவின் கை நின்றது. அப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அண்ணே அது அவ விஷயம் என்று சொல்லலாம். யோசிச்சுச் சொல்றேன் என்றாவது சொல்லலாம். அப்பா வலையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"அதான் சரின்னுட்டேனே," என்றார்.

கபூட்டா போன பிறகு அகோயாவின் அம்மா ரெரேவோ அந்த மீனைத் தொடவில்லை. வெயிலில் கிடந்தது. பிறகு வீணாகப் போகிறதே என்று எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பெத்த பிள்ளைய வலைன்னு நெனச்சுக் குடுத்தீங்களாக்கும்."

"அவர் வலையத்தான் பாத்தாரு."

"அவர் கடலப் பாத்தா கடலையும் குடுப்பீங்க."

"இப்ப என்ன, படிக்க வேணாம்னா சொன்னாரு? இதுவும் படிப்புதான், அதுவும் படிப்புதான். ரெண்டுக்கும் அரசாங்கம்தான் அனுப்புது. ரெண்டுக்கும் போறது பிஜிக்குத்தான்."

"ஆமா, ரெண்டும் தண்ணிதான்," என்றாள் ரெரேவோ. அவளுக்கு உள்ளூர இது பெரிய நஷ்டமாகவும் தெரியவில்லை. "மழைப் படிப்புன்னா நிழல்ல உக்காந்து பாக்குற வேலை. அந்தத் தியோபாவப் பாருங்க. கவுன்சில் வாசல்ல இருக்கிற குடுவைய எட்டிப் பாத்துட்டு, நேத்து மழை பெய்யலன்னு இன்னைக்குச் சொல்றான். அதுக்குச் சம்பளம் வருது."

"அம்மா, நான் தியோபா ஆகுறதுக்கா ராத்திரி பகலாப் படிச்சேன்?" என்று அகோயா கொட்டகையிலிருந்து கேட்டாள்.

"தியோபாவுக்கு என்னடி கொறச்சல்? தகரக் கூரை போட்டிருக்கான்."

அகோயாவுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை முடித்ததில்லை. அக்கா மரிசினா பாதியில் நின்றாள், கல்யாணம். அப்பா பாளை சீவுகிறவர். காலையும் சாயங்காலமும் தென்னையில் ஏறி, பாளையை ஒரு கீற்று சீவி, நிரம்பிய குப்பியை அவிழ்த்து, வேறு குப்பியைக் கட்டிவிட்டு இறங்குவார். ஏறியதும் பாடுவார். மேலே ஆள் இருக்கிறது என்று கீழே நடமாடும் பெண்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் பாடவில்லை. கீழே குளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு வைத வசவு நாலு வீட்டுக்குக் கேட்டது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பபாய்க் குழிகளில் இலைகள் ஓரம் கருகித் தொங்கின. அந்தக் கிழங்கு தண்ணீரில் நின்று வளர்வது. ஆள் ஆழத்துக்குத் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீர்தான் அதற்கும் மனிதனுக்கும். அதற்கும் கீழே கடல். பெய்த மழை பவளப் பாறைக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் ஒரு ஏடு மாதிரி படிந்து நிற்கிறது, பால் மேல் ஆடை நிற்பதைப் போல. மழை நின்றால் ஆடை மெலியும். இதை அகோயாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இயோவானே வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். ஊரில் எல்லோருக்கும் இது வேறு விதமாகத் தெரியும். தேநீர் உப்புக் கரித்தால் தெரியும்.

வாத்தியார்தான் இரண்டு படிப்பையும் பற்றி அவளிடம் பேசியவர்.

"ஒண்ணு மேல் தண்ணி, இன்னொண்ணு கீழ்த் தண்ணி, அவ்வளவுதான். மேகம், காத்து, கடல் சூடு, புயல் எந்தப் பக்கம் திரும்பும், இதெல்லாம் மேல. நிலத்துக்குள்ள எவ்வளவு நிக்குது, எந்தப் பக்கம் நகருது, எதைக் கரைச்சுக்கிட்டு வருது, எவ்வளவு எறைக்கலாம், அதெல்லாம் கீழ. கணக்கு ரெண்டுலயும் உண்டு. தப்பிக்க முடியாது."

"எதுல வேலை ஜாஸ்தி சார்?"

"வேலை ரெண்டுலயும் இருக்கு. திட்டு கீழ்த் தண்ணியிலதான் ஜாஸ்தி. புயல் வருதுன்னு சொன்னா ஜனங்க வானத்தப் பாத்து வைவாங்க. உன் கிணறு கெட்டுப்போச்சுன்னு சொன்னா உன்னைப் பாத்து வைவாங்க."

அவள் அப்போதே தீர்மானித்துவிட்டாள். உண்மையில் அதற்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது.

மரிசினாவின் மகன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கில் செத்தான். மூன்று நாள். நர்ஸ் வந்தாள், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் தந்தாள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்றாள். கொதிக்கவைத்த தண்ணீர்தான் கொடுத்தோம் என்றார்கள். எப்போதுமா என்று கேட்டாள். எப்போதும் என்று யாரால் சொல்லமுடியும்? விறகு நனைந்திருக்கும், குழந்தை அழும், கை கழுவின ஈரத்தோடு யாராவது தூக்கி வைத்திருப்பார்கள்.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. அண்ணன் தம்பி நிலம் ஒட்டி இருந்தது. கிணற்றுக்கு மேற்கே பெரிய ஈரப்பலா மரம், நல்ல நிழல். அந்த நிழலில் கபூட்டாவின் பன்றிகள் காலில் கயிறு கட்டிக் கிடந்தன. எட்டுப் பன்றி. ஊரில் வேறு யாரிடமும் அத்தனை இல்லை. கல்யாணமோ சாவோ எதுவானாலும் கபூட்டாவின் பன்றி இல்லாமல் நடக்காது. குழந்தையின் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும் அவர்தான் ஒன்றை அறுத்துக்கொடுத்தார். நல்ல கொழுத்த பன்றி. அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். மரிசினாவும் சாப்பிட்டாள். அதன்பிறகு அவள் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை. இளநீர் குடிப்பாள், இல்லையென்றால் அப்பாவின் பதநீர். ஏன் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குச் சிறு பாட்டில்கள் வந்தன. உள்ளே மருந்து தடவிய காகிதம். தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால், கழிவு கலந்த தண்ணீராக இருந்தால் கறுத்துப்போகும். விடுமுறைக்கு வரும்போது அகோயா ஒன்றை எடுத்துவந்து கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தாள். மறுநாள் கருமையாக இருந்தது, கணவாய் மை மாதிரி. எல்லோருக்கும் காட்டினாள். பெரியப்பா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாட்டில் கெட்டுப்போச்சு போலிருக்கு," என்றார்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. பாட்டில் கறுப்பு என்றுதான் சொல்லும். எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் நகர்ந்து வந்தது, பன்றியா, கக்கூஸா, மழைக்காலத்தில் எப்படி, வறட்சியில் எப்படி என்று சொல்லாது. அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று அகோயாவுக்கு அன்றைக்குப் பட்டது. பெரியப்பாவுக்கும் அதே நேரத்தில் அதே விஷயம் பட்டிருக்கவேண்டும்.

புபுசி நடந்த மறுநாள் அகோயா தண்ணீர் சேந்தப் போனபோது கபூட்டா பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார். கபூட்டா கெட்டவர் என்று யாராலும் சொல்லமுடியாது. சின்ன வயதில் அகோயாவைத் தோளில் வைத்துப் பாறைத்திட்டு முழுக்கச் சுற்றிக்காட்டியவர் அவர்தான்.

"கோவமா இருக்கியா?"

"இல்ல பெரியப்பா, சந்தோஷமா இருக்கேன். ஆடணும்போல இருக்கு."

"வாய் பாரு. அந்த வாய்க்கு ரேடியோதான் சரி. மழைப் படிப்புப் படிச்சா ரேடியோல பேசுவியாமே. நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்னு நீ சொல்ல, நான் அதக் கேட்டுட்டுப் படகு எடுப்பேன். பெருமையாத்தானே இருக்கும்?"

"தண்ணி படிச்சா என்ன பெருமை கொறஞ்சிடும்?"

அவர் அடுத்த தேங்காயை நிறுத்தி நிறுத்தி அடித்தார். ஒரு பன்றி கயிறு இழுபட முன்னால் வந்து முகர்ந்தது.

"பாரு பிள்ள. மழை யார் நிலத்துலயும் கட்டிக் கெடக்கிறதில்ல. அதப் பத்தி நீ என்ன சொன்னாலும் யாருக்கும் வலிக்காது. நிலத்துக்கு உள்ள இருக்கிறத ஏன் நோண்டணும்? நோண்டுனா ஒருத்தன் பேர் வரும். சொந்தக்காரன் பேராத்தான் வரும். இங்க வேற யார் இருக்கா?"

"உங்க பேர் வரும்னு பயமா?"

"எம் மகன் புரேந்தாவுக்குக் கல்யாணம் வருது," என்றார் அவர். "இந்தப் பன்றிங்க அதுக்குத்தான்." கேட்டதற்குப் பதிலாக அதைத்தான் சொன்னார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்பாவிடம் அவள் பேசிப் பார்த்தாள். பதநீரைக் காய்ச்சிப் பாகு எடுக்கும் அடுப்புக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார், அடிப்பிடிக்காமல் கிளறியபடி.

"அப்பா, நீங்க குடுத்தது என்னோடது. உங்களோடது இல்ல."

"இந்த வீட்ல எது தனியா உன்னோடது, எது தனியா என்னோடது?"

"என் மண்டைக்குள்ள இருக்கிறது என்னோடது."

"அதச் சோறு போட்டு வளத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தனக்கே பிடிக்காமல், துடுப்பை வழித்து அவளிடம் நீட்டினார். "பதம் பாரு."

"வேணாம்."

"நான் போய் அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்லணுங்கிற. சொல்றேன். அப்புறம் ஊர் கூடுற மனியாபாவுல எங்க உக்காருவேன்? இந்தக் குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் முடியாதுன்னு சொன்னதில்ல."

"அதான் பூயாவுல பாயைத் தவிர ஒண்ணும் இல்ல."

"ஆமா," என்றார் பைதேகே. வருத்தமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்வது போலச் சொன்னார். "பாய் இருக்கில்ல."

மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கத் தலைநகரத்து அதிகாரி படகில் வரும் நாள் நெருங்கியது. அந்த வருஷம் ஊரிலிருந்து போவது அகோயா ஒருத்திதான். மனியாபாவில் ஊர் கூடி, பெற்றவன் எழுந்து பிள்ளை எதைப் படிக்கும் என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அதிகாரி குறித்துக்கொள்வாள். சொன்ன பிறகு ஊருக்கு முன்னால் மாற்றமுடியாது. அகோயா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். அப்பா மழை என்று சொல்லட்டும். தலைநகருக்குப் போய் இறங்கியதும் அதிகாரியைத் தனியாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குத் தெரிவதற்குள் பிஜி போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதை அவள் அக்காவிடம் சொன்னாள். கடல் இறங்கியிருந்தது. இரண்டு பேரும் மணல்திட்டில் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலால் மணலைத் துழாவி, சிப்பி தட்டுப்பட்டதும் குனிந்து எடுத்துக் கூடையில் போடுவது. மரிசினா வேகமாகச் செய்வாள். பேசாமலும் செய்வாள்.

"மாத்திப் படிச்சு வந்து?"

"வந்து கிணத்த அளந்து பாப்பேன். எல்லாக் கிணத்தையும்தான். எதுக்கு எது காரணம்னு சொல்லுவேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். உனக்கும்தான்."

மரிசினா நிமிர்ந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

"மூணு நாலு வருஷம் பிஜியில உக்காந்து படிச்சு வந்து, என் பிள்ள எதுல செத்தான்னு எனக்கு நீ சொல்லப்போற."

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொன்ன. எனக்குத் தெரியாதா? அம்மாவுக்குத் தெரியாதா? பன்றிய அறுத்துக் குடுத்தாரே, அவருக்குத் தெரியாமலா குடுத்தாரு? ஊருக்கே தெரியும். இதுல நீ எதைப் போய்ப் படிக்கணும்?"

"தெரிஞ்சா ஏன் யாரும் பேசல?"

"நீ ஏன் பேசல?"

அகோயா கையிலிருந்த சிப்பியைக் கூடையில் போட்டாள்.

"படிச்சவ சொன்னா கேட்டுக்குவாங்கன்னு நெனைக்கிற," என்றாள் மரிசினா, மறுபடி குனிந்தபடி. "அது சரிதான். அதுவரைக்கும் அங்க எட்டுப் பன்றி பேண்டுக்கிட்டேதான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் கப்பல்லேர்ந்து வந்தா எனக்கு மறுபடி பிள்ளை பொறக்கும். நீ வர்ற வரைக்கும் வாயில தண்ணி வைக்காம வச்சிருக்கட்டுமா?"

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தள்ளிப் போய்விட்டாள். அகோயா நின்ற இடத்தில் நின்றாள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறும்வரைக்கும் நின்றாள்.

அதிகாரி வந்தாள். மேரே என்று பெயர், நடுவயது, படகில் வாந்தியெடுத்துச் சோர்ந்திருந்தாள். பூமாலை போட்டு, தலையில் வாசனை எண்ணெய் தடவி, இளநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். மனியாபா நிறைந்திருந்தது. குடும்பத்துக்குக் குடும்பம் பரம்பரையாக வந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், இளவட்டங்கள் அதற்கும் பின்னால். காற்று இல்லை. கூரை இறவாணம் குனிந்து வரும் உயரத்துக்குத் தாழ்ந்திருந்ததால் உள்ளே புழுக்கம் தேங்கி நின்றது.

தலைமை முதியவர் பேசினார், வெகுநேரம் பேசினார். மேரே பேசினாள். தீவுகளுக்கு இரண்டு வகை ஆளும் தேவை என்றாள். வானத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், நிலத்தடித் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், இரண்டாவதற்கு யாருமே வருவதில்லை என்றாள். கபூட்டா பாயின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையோட தகப்பன் சொல்லட்டும்," என்றார் முதியவர்.

பைதேகே எழுந்தார். மரத்தில் பாடுகிற குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்.

"எம் பொண்ணு அகோயா வானிலைதான் படிப்பா."

மேரே நிமிர்ந்தாள். "ஸ்கூல்ல வேற மாதிரி சொல்லியிருந்தாங்களே. பொண்ணு இங்க இருக்காளா? அவளும் சொல்லணும். அது எங்க விதி."

பின்வரிசையில் ஒரு சலசலப்பு. அகோயா எழுந்து நின்றாள். அவள் வயதுப் பெண் மனியாபாவில் எழுந்து நின்று பேசிய ஞாபகம் அங்கே யாருக்கும் இல்லை. ரெரேவோ மகளின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள், இழுக்கவில்லை.

"அப்பா சொன்னதுதான். வானிலை," என்றாள் அகோயா. "எழுதிக்கங்க. நான் மாத்த மாட்டேன்."

மேரே எழுதினாள். பைதேகே உட்கார்ந்தார். கபூட்டா பாயிலிருந்து விரலை எடுத்து, பெரிதாக மூச்சு விட்டார். அகோயா உட்காரவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும்."

"சொல்லு," என்றார் முதியவர், விருப்பமில்லாமல்.

"பெரியப்பா, நான் ஊரவிட்டுப் போறேன். போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட புபுசியா ஒண்ணு கேக்குறேன்."

கபூட்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. வெளியூர் போகும் பிள்ளை பெரியப்பாவிடம் ஊர் நடுவில் கேட்பது அவருக்கு மரியாதை. நல்ல பாய் கேட்பாள், பெட்டி கேட்பாள். "கேளும்மா," என்றார், நாலு பேருக்குக் கேட்கும்படி.

"ஈரப்பலா மரத்தடியில இருக்கிற பன்றிங்கள எனக்குக் குடுங்க."

யாரோ சிரித்தார்கள். தொடர்ந்து சிரிக்கவில்லை.

"ஒண்ணா? விருந்துக்கா? எடுத்துக்கம்மா, அந்தப் புள்ளி போட்டத..."

"எல்லாத்தையும். எட்டையும்."

மேரே பேனாவை மூடாமல் பிடித்திருந்தாள். அவளும் இந்த மண்ணுக்காரிதான். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"அது புரேந்தா கல்யாணத்துக்கு," என்றார் கபூட்டா.

"தெரியும் பெரியப்பா."

"எட்டையும் கேட்டா எப்படி?"

"இது நியாயமில்ல," என்று புரேந்தா பின்னாலிருந்து சொன்னான். அவனுக்குப் பெண் கொடுக்கப்போகிற வீட்டுக்காரர்கள் எதிர்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கபூட்டா தம்பியைப் பார்த்தார். பைதேகே தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அகோயாவுக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. பெண்கள் வரிசையில் மரிசினா மட்டும் நேராகப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். அப்புறம் திரும்பவில்லை.

"கேட்டாச்சு," என்றார் முதியவர். அவருக்கும் வேர்த்திருந்தது.

கபூட்டா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"எடுத்துக்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்டது: "நீ தண்ணியே படிச்சிருக்கலாம். எனக்கு நாலு வருஷமாவது கெடச்சிருக்கும்."

அன்றைக்கே பன்றிகளை அவிழ்த்தார்கள். பைதேகே முன்னால் நின்றார். கயிறு முளையடித்த இடமெல்லாம் மண் கறுத்து, மிதித்து மிதித்துக் குழிந்து கிடந்தது, நாற்றம் அடித்தது. நாலு பன்றிகளைத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் திட்டு வழியாக ஆள் இல்லாத சிறு தீவுக்கு ஓட்டிப்போனார்கள். மீதி நாலும் அதுவரைகூடத் தங்கவில்லை. அகோயாவிடம் பன்றி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதல்லவா, சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்காரர்கள் வந்து புபுசி கேட்டுவிட்டார்கள். அவள் மறுக்கமுடியாது. கடல் பக்கமாகக் கட்டுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். மூன்று பேர் அப்படியே செய்தார்கள். நாலாவது வீட்டு அத்தை, கடல் பக்கம் நிழல் இல்லை என்று தன் கிணற்றோரம் கட்டினாள்.

ரெரேவோ அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அகோயா தன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் படகு. அவள் கேட்டுக்கொண்டாள், முடிச்சை இறுக்கினாள்.

"போய் அவங்ககிட்ட சொல்லட்டுமா?" என்றாள் ரெரேவோ.

"சொல்லிப் பாரும்மா."

"கேக்க மாட்டா. என்ன ஆதாரம்னு கேப்பா." அவள் பூயாவின் விளிம்பில் உட்கார்ந்து, ஈரப்பலா மரத்தடியைப் பார்த்தாள். அங்கே பைதேகே கறுத்த மண்ணை வெட்டிக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார். கபூட்டா தன் வீட்டிலிருந்து வந்து, எதுவும் பேசாமல், இன்னொரு கூடையை எடுத்தார். இருவரும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எவ்வளவு ஆழம் வெட்டணும்னு கேட்டாரு உங்கப்பா," என்றாள் ரெரேவோ. "நம்ம கிணத்துத் தண்ணிய இனிமே எப்பலேர்ந்து குடிக்கலாம்? மரிசினாவும் கேட்டுட்டு வரச் சொன்னா."

"தெரியாதும்மா," என்றாள் அகோயா. "அதத்தான் படிக்கப் போறேன்னு சொன்னேன்."